நிகழ்நேர வியூக விளையாட்டு: புதியவருக்கு ஒரு விளக்கம்

திருவனந்தபுரம் நகரில் கிழக்குக் கோட்டை வாயிலிலிருந்து கிழக்கு முகமாகச் செல்லும் நெடிய கடைத்தெருவிற்குச் சாலை என்று பெயர். திருவிதாங்கூரைக் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா ஆண்ட காலத்தில் (1758-1798) ராஜா கேசவதாஸ் இவ்வங்காடியை அமைத்தார். தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக இங்கே தொழில் நடத்தி வருவதால், இத்தெருவில் மலையாளத்துடன் தமிழும் தாராளமாகக் காதில் விழும்.

காலை வேளையில் இங்குள்ள மொத்த வியாபாரக் கடை ஒன்றின் முன் சிறிது நேரம் நின்று பார்க்கலாம். அரிசி மூட்டைகளுடன் லாரி வந்து நிற்கிறது. சுமை தூக்கும் தொழிலாளர் இறக்கத் தொடங்குகின்றனர். அதே சமயத்தில் சில்லறைக் கடைக்காரர் இருவர் விலை கேட்கின்றனர். தொலைபேசியில் நேற்றைய பாக்கியைப் பற்றிய பேச்சு. வானம் கறுத்து வருகிறது. கிடங்கிலோ இடம் இன்னும் ஒழிக்கப்படவில்லை. இவற்றுள் எதுவும் மற்றொன்று முடியட்டும் என்று காத்திராது. கடைக்காரர் எதைக் கவனியாமல் விடுகின்றாரோ, அது தன் போக்கில் நடந்துகொண்டேயிருக்கும்.

சதுரங்கத்தில் நிலைமை வேறு. ஒருவர் காய் நகர்த்தும் வரை மற்றவர் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்; பலகை முழுவதும் இருவர் கண்ணிலும் படும். கணிப்பொறியில் ஆடப்படும் வியூக விளையாட்டுகளில் ஒரு வகை, சதுரங்கத்தைவிடச் சாலைக் கடைத்தெருவையே பெரிதும் ஒத்தது. அதில் முறை வைத்து ஆடுவது இல்லை. எல்லாத் தரப்பினரும் ஒரே சமயத்தில் பொருள் சேர்க்கின்றனர், கட்டுகின்றனர், படை திரட்டுகின்றனர், போரிடுகின்றனர். கடிகாரம் எவருக்காகவும் நிற்பதில்லை. இதற்கு நிகழ்நேர வியூக விளையாட்டு என்று பெயர். 1992-ல் வெளிவந்த டியூன் 2 என்னும் விளையாட்டு இவ்வகையின் அமைப்பை வகுத்துக் கொடுத்தது; அதன்பின் வார்கிராஃப்ட் (1994), ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் (1997), ஸ்டார்கிராஃப்ட் (1998) ஆகியவை வந்தன.

மாணவர்கள் இவ்விளையாட்டுகளைப் பற்றிப் பேசிக்கொள்வதை ஆசிரியர் பலர் கேட்டிருப்பர். பிள்ளை பாடத்தை விட்டுத் திரையின் முன் அமர்ந்திருக்கிறான் என்று பெற்றோர் முறையிடுவதையும் கேட்டிருப்பர். விளையாட்டை ஒரு முறையேனும் ஆடிப் பாராதவர் அதை முழுதும் விலக்கவும் கூடும். ‘மூளைக்குப் பயிற்சி’ என்று முழுதும் புகழவும் கூடும். இரண்டும் பொருந்தா. அது எதைக் கற்பிக்கின்றது, எதைத் தவறாகக் காட்டுகின்றது என்று பிரித்தறிவதற்கு, தொடக்கநிலையில் அது எவ்வாறு ஆடப்படுகின்றது என்பதைத் தெரிந்துகொள்ளுதல் அவசியம். இங்கு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 உதாரணமாக எடுத்துக்கொள்ளப்படுகின்றது. 1999-ல் என்சம்பிள் ஸ்டூடியோஸ் நிறுவனத்தார் உருவாக்கிய இவ்விளையாட்டு 2019-ல் புதுப்பிக்கப்பட்டு, இன்றும் ஆடப்பட்டு வருகின்றது. 2022-ல் இதில் சேர்க்கப்பட்ட படைகளுள் ஒன்று தமிழ் பேசுகின்றது என்பதும் இதனைத் தேர்ந்தமைக்கு ஒரு காரணம்.

முதல் எட்டு நிமிடம்

வழக்கமான ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நகர மையம், மூன்று பணியாட்கள், வேவு பார்க்க ஒரு குதிரைவீரன் ஆகியவை கிடைக்கும். கையிருப்பு 200 அலகு உணவு, 200 மரம், 100 பொன், 200 கல். நகர மையம் 50 அலகு உணவு பெற்றுக்கொண்டு 25 விநாடியில் ஒரு புதிய பணியாளைத் தரும். பணியாட்கள் உணவு சேகரிப்பர், மரம் வெட்டுவர், பொன்னும் கல்லும் தோண்டுவர், கட்டடம் எழுப்புவர். படைவீரர் அனைவரும் இவர்களுடைய உழைப்பிலிருந்தே தோன்ற வேண்டும்.

புதியவர் பெரும்பாலும் வாளையும் யானையையும் காண விரும்பியே அமர்வார். ஆதலால் போரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பார். அவர் தோற்பது போரில் அன்று. அதற்கு வெகு முன்பே, தம் கண்ணுக்குப் படாமல் தோற்றிருப்பார். இதைக் கணக்கிட்டுக் காட்டலாம்.

ஒரு பணியாள் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 20 அலகு உணவு கொணர்வதாகக் கொள்வோமாயின், அவரை உண்டாக்கச் செலவிட்ட 50 அலகு இரண்டரை நிமிடத்தில் திரும்பி விடும். அதன்பின் அவர் கொணர்வதெல்லாம் ஆதாயமே. நகர மையம் தொடக்கத்தில் இரண்டு நிமிடம் சும்மா இருக்குமானால் ஏறக்குறைய ஐந்து பணியாட்கள் வாராமற் போவர். ஐவர் குறைவு என்பது அதன்பின் ஒவ்வொரு நிமிடமும் 100 அலகு குறைவு என்று பொருள். அரைமணி நேரம் கழித்துப் போர்க்களத்தில் எதிரியின் வில்லாளர் இருமடங்காக நிற்பதைக் கண்டு புதியவர் வியப்படைவார். அவ்வில்லாளருடைய விதை முதல் ஐந்து நிமிடத்திலேயே விதைக்கப்பட்டிருக்கும்.

நகர மையம் ஓயாது இயங்குவதற்கு எவ்வளவு உணவு வேண்டும்? 25 விநாடிக்கு 50 அலகு, அதாவது நிமிடத்திற்கு 120 அலகு. ஒருவர் 20 அலகு கொணர்வாராயின் ஆறு பேர் வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர் முதல் ஆறு பேரை ஆட்டிறைச்சிக்கு அனுப்புவதன் காரணம் இதுவே. புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்ய வேண்டிய விதி என்று அதைக் கருத வேண்டியதில்லை. வகுத்தல் கணக்குத் தெரிந்த எவரும் தாமே கண்டுகொள்ளலாம்.

எனவே முதல் நிமிடத்தில் செய்ய வேண்டியவை சில. ஆட்டம் தொடங்கியவுடன் நகர மையத்தில் பணியாட்களுக்கு உத்தரவு கொடுத்தல் வேண்டும். நகர மையம் ஐந்து பேருக்கு மட்டுமே இடம் தரும். நான்கு பேர் முன்னரே உள்ளனர். ஆதலால் மூன்று பணியாட்களும் உடனே வீடு கட்டப் புக வேண்டும். ஒரு வீட்டிற்கு 25 மரம். அது ஐவருக்கு இடம் தரும். வீடு இல்லாமையால் உற்பத்தி நின்றுபோவது புதியவருக்கு அடிக்கடி நேரும் விபத்து. வேவுக் குதிரைவீரன் நகர மையத்தைச் சுற்றி வட்டமிட்டு ஆடுகளைத் தேடிக் கொணர வேண்டும். ஆடுகளை நகர மையத்தின் அருகே ஒவ்வொன்றாகவே அறுத்தல் நலம். அறுத்துப் போட்ட இறைச்சி இவ்விளையாட்டிலும் கெட்டுக் குறைந்துவரும்.

ஆறு பேர் உணவில் அமர்ந்தபின் அடுத்துப் பிறப்போர் மூவர் அல்லது நால்வர் மரத்திற்குச் செல்லலாம். 100 மரம் செலவில் காட்டோரத்தில் ஒரு மரக்கிடங்கு கட்ட வேண்டும். கிடங்கு தொலைவில் இருப்பின் பணியாளுடைய காலம் நடையிலேயே கழியும். இதனைச் சாலையில் மூட்டை சுமப்பவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அதன்பின் பழப்புதர்களின் அருகே ஒரு மாவாலை. இடையில் காட்டுப்பன்றி வேட்டை. பன்றி திருப்பித் தாக்கும். ஒருவர் அதனைச் சீண்டி நகர மையத்தை நோக்கி ஓடிவர, அங்குள்ளோர் அனைவரும் கூடிக் கொல்வர். இதில் ஒருவர் இறந்துபோவது முதல் சில ஆட்டங்களில் இயல்பு. அதற்காக ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை.

மூவரிலிருந்து இருபத்திருவர் ஆவதற்கு 19 பேர் பிறக்க வேண்டும். ஆட்டக் கடிகாரப்படி 475 விநாடி, அதாவது எட்டு நிமிடத்திற்குச் சற்றுக் குறைவு. இந்நிலையில் 500 அலகு உணவு சேர்த்து, இருண்ட யுகத்திலிருந்து நிலமானிய யுகத்திற்கு மாறலாம். அடுத்துக் கோட்டை யுகத்திற்கு 800 உணவும் 200 பொன்னும், பேரரசு யுகத்திற்கு 1000 உணவும் 800 பொன்னும் வேண்டும். புதியவர் எட்டு நிமிடத்தில் முதல் மாற்றத்தை அடையாவிட்டாலும் குற்றமில்லை. பன்னிரண்டு நிமிடம் ஆயிற்றென்றால் மறுமுறை எந்த இடத்தில் நான்கு நிமிடம் கரைந்தது என்று பார்த்தாற் போதும்.

ஈண்டு ஒன்றைச் சொல்லாமல் விடுதல் கூடாது. இவ்விளையாட்டில் ஒரு மனிதருடைய விலை 50 அலகு உணவு. பிறந்தபின் அவர் உண்பதில்லை, உறங்குவதில்லை, நோயுறுவதில்லை, கூலி கேட்பதில்லை. மூட்டை தூக்கும் ஒருவர் பகலில் எத்தனை முறை நீர் குடிக்க வேண்டும் என்பது இக்கணக்கில் இல்லை. கணக்கு எளிதாவதற்காகவே இவ்வாறு அமைத்துள்ளனர். ஆயினும், வேலைத் திட்டம் தீட்டும் களப்பணியாளர் இக்கணக்கை மெய்யான ஆட்களின் மீது ஏற்றிவிடலாகாது என்பதை மாணவருக்கு ஆசிரியர் எடுத்துக்காட்டுதல் தகும்.

விலை ஏறும் அங்காடி

நிலமானிய யுகத்தில் அங்காடி ஒன்றைக் கட்டலாம். பொருள்களைப் பொன்னுக்கு விற்கவும் வாங்கவும் அது உதவும். தொடக்கத்தில் 100 அலகு உணவின் அடிப்படை விலை 100 பொன். ஆனால் வாங்குவோர் 130 கொடுக்க வேண்டும். விற்போருக்கு 70 மட்டுமே கிடைக்கும். நூற்றுக்கு முப்பது தரகு. மேலும் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அடிப்படை விலை 3 ஏறும். விற்கும்போது 3 இறங்கும். 100 மரம் விற்றால் 70 பொன். அடுத்த 100 மரத்திற்கு 67 பொன்னும் சொச்சமும். இவ்விரண்டையும் சேர்த்தே 100 உணவு வாங்க முடியும். மரத்தில் பத்துப் பேரையும் உணவில் இருவரையும் வைத்துவிட்டுப் பின்னர் அங்காடியில் சரிசெய்துகொள்ளலாம் என்று எண்ணுபவர், உழைப்பில் பாதியைத் தரகாகக் கொடுக்கின்றார்.

வேண்டுவோர் மிகுந்தால் விலை ஏறும் என்பதைப் பொருளாதாரப் பாடநூல் கோடு வரைந்து காட்டும். இங்கே மாணவன் தானே பத்து முறை வாங்கி, பதினோராம் முறை கை சுட்டுக்கொள்கின்றான். பாடம் நிலைப்பது எதில் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் மெய்யான கடைத்தெருவில் விலையை நிர்ணயிப்பது ஒருவருடைய கொள்முதல் மட்டுமன்று. கடன், நம்பிக்கை, பண்டிகை, மழை, பழைய வாடிக்கை ஆகியவை எல்லாம் அதில் கலந்துள்ளன. இவற்றுள் எதனையும் ஆட்டத்தின் அங்காடி அறியாது.

இருள் மூடிய நிலம்

ஆட்டத்தின் தொடக்கத்தில் திரை பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். தன் ஆட்கள் நின்று பார்க்கக்கூடிய இடம் மட்டுமே தெரியும். ஒருமுறை பார்த்துவிட்டு அகன்ற இடத்தின் மேல் மங்கலான திரை விழும். அங்கு நிலம் தெரியும், நடமாட்டம் தெரியாது. இத்தகைய ஏற்பாடு கணிப்பொறிக்கு முன்னரே உண்டு. 1824-ல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்னும் படை அதிகாரி வெளியிட்ட போர் விளையாட்டில், ஒவ்வொரு தரப்பும் தன் படை காணக்கூடியதை மட்டுமே காணும்படி நடுவர் ஒருவர் பார்த்துக்கொண்டார்.

வேவுக் குதிரைவீரனை ஆடு தேடியபின் ஓரத்தில் நிறுத்திவிடுவது புதியவர் செய்யும் இரண்டாவது பெரும்பிழை. எதிரி என்ன கட்டுகின்றார் என்று அறிந்தாலன்றி எதைக் கட்டுவது என்று தீர்மானிக்க வழியில்லை. ஈட்டிக்காரன் குதிரையை வெல்வான். குதிரைவீரன் வில்லாளனை வெல்வான். வில்லாளன் ஈட்டிக்காரனை வெல்வான். எறிவேலாளனோ வில்லாளனை வெல்வான். எனவே ‘எந்தப் படை சிறந்தது’ என்று புதியவர் கேட்கும் கேள்விக்கு விடையே இல்லை. எதிரியிடம் குதிரை லாயம் தென்பட்டால் ஈட்டி. வில் பயிலும் கூடம் தென்பட்டால் எறிவேல். ஒருவரை அனுப்பிப் பார்த்துவிட்டு வருவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. பாராமல் படை திரட்டுவதனால் ஆகும் நஷ்டமோ மிகப் பெரிது. ஓர் ஊருக்கு விதை அனுப்புமுன் அவ்வூர் மண்ணைப் பார்த்துவரும் களப்பணியாளருக்கு இது புதிய செய்தியன்று.

எண்ணிக்கையின் வர்க்கம்

சம வலிமையுள்ள பத்து வில்லாளர் ஒரு புறம், ஆறு வில்லாளர் மறுபுறம். பத்துப் பேர் வெல்வர் என்பதில் ஐயமில்லை. எத்தனை பேர் எஞ்சுவர்? பத்திலிருந்து ஆறைக் கழித்து நால்வர் என்றே பலரும் விடையளிப்பர். விடை ஏறத்தாழ எட்டு.

இதன் காரணத்தை விளக்கியவர் ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர். மோட்டார் வண்டிகள் செய்தவர். 1916-ல் வெளிவந்த, போரில் விமானங்களைப் பற்றிய தமது நூலில் இக்கணக்கைத் தந்தார். தொலைவிலிருந்து எய்யும் போரில் எல்லோரும் ஒரே சமயத்தில் எய்யலாம். பத்துப் பேர் எய்வதால் ஆறு பேர் விரைவில் குறைவர். குறைந்தவர் எய்யும் அம்பும் குறையும். ஆதலால் பெரிய படையின் நஷ்டம் நொடிக்கு நொடி சுருங்கும். இதனைக் கணிதமாக்கினால், எண்ணிக்கைகளின் வர்க்க வித்தியாசம் மாறாதிருக்கும் என்று தெரியவருகின்றது. பத்தின் வர்க்கம் 100, ஆறின் வர்க்கம் 36, வித்தியாசம் 64, அதன் வர்க்கமூலம் 8.

அதே பத்துப் பேரை ஐந்து ஐந்தாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால் என்னாகும்? முதல் ஐவரும் ஆறு பேரிடம் அழிவர். 36-லிருந்து 25 போக 11, அதாவது எதிரியில் மூவருக்குச் சற்று மேல் எஞ்சுவர். அடுத்த ஐவர் இவர்களை வெல்வர். ஆனால் 25-லிருந்து 11 போக 14, அதன் மூலம் நான்கிற்கும் சற்றுக் குறைவு. ஒன்றாகச் சென்றிருந்தால் எட்டுப் பேர் திரும்பியிருப்பர். பிரிந்து சென்றதால் நால்வரே திரும்புகின்றனர். படைவீரன் பிறக்கப் பிறக்க அவனை ஒவ்வொருவனாகக் களத்திற்கு அனுப்புவது புதியவரின் மூன்றாவது பெரும்பிழை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

குறுகிய வழியில் கணக்கு மாறும். ஒருவனுக்கு எதிரே ஒருவன் மட்டுமே நிற்க முடியுமானால் வர்க்கம் போய்க் கழித்தலே எஞ்சும். பத்துக்கு ஆறு போக நால்வரே மிஞ்சுவர். சிறுபடை மதிலையும் இடுக்கு வழியையும் நாடுவதன் காரணம் இதுதான். சாலை அங்காடியை அமைத்த கேசவதாஸுக்கு இது ஏட்டுக் கணக்காக இருக்கவில்லை. அவர் திவானான 1789-ஆம் ஆண்டின் டிசம்பர் இறுதியில், திருவிதாங்கூரின் வட எல்லை அரணாகிய நெடுங்கோட்டையைத் திப்பு சுல்தானின் பெரும்படை தாக்கியது. அரணுக்குள் புகுந்து அதன் ஓரமாக முன்னேறிய மைசூர்ப் படை, குறுகிய இடத்தில் மறைவிலிருந்து வந்த துப்பாக்கிச் சூட்டினால் குலைந்து பின்வாங்கியது. ஆனால் மதில் என்றும் நிற்பதில்லை. 1790-ல் பீரங்கிகளைக் கொண்டு அரணை உடைத்து மைசூர்ப் படை உட்புகுந்தது. ஆங்கிலேயருடன் மூண்ட போரினால் அது திரும்ப நேரிட்டது. ஆட்டத்திலும் இவ்வாறே. மதில் காலத்தை வாங்கித் தரும். அவ்வாறு கிடைத்த காலத்தில் பணியாட்களைப் பெருக்காதவருக்கு மதிலால் பயனில்லை.

ஆட்டத்தில் தமிழ் பேசும் படை

2022 ஏப்ரலில் இவ்விளையாட்டில் இந்திய அரசுகளுக்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. அதில் திராவிடர் என்னும் தரப்பு ஒன்று உண்டு. முதலாம் ராஜேந்திர சோழனைப் பற்றிய தொடர் ஆட்டமும் உண்டு. இத்தரப்பின் ஆட்கள் உத்தரவு பெற்றவுடன் தமிழில் விடையளிப்பர். ஒவ்வொரு யுக மாற்றத்தின்போதும் இத்தரப்பிற்கு 200 அலகு மரம் கூடுதலாகக் கிடைக்கும்; கனத்த குதிரைப்படை இதற்கு இல்லை. புதியவர் தம் மொழி பேசும் தரப்பையே எடுத்துக்கொள்ள விரும்புவது இயற்கை. ஆனால் கனத்த குதிரைப்படை இல்லாத தரப்பு தொடக்கத்தில் சற்றுக் கடினமே. காலாளையும் எறிவேலாளையும் நம்பியே ஆட வேண்டும்.

இத்தரப்பின் சிறப்புப் படைவீரன் உறுமி வீசுபவன். உறுமி என்பது கேரளத்துக் களரிப் பயிற்சியில் வழங்கும் வளையும் வாள். அதனைக் கடைசியாகவே கற்பிப்பர். ஏனெனில் தவறினால் வீசுபவனையே வெட்டும். தோளோடு தோள் உரச நிற்கும் அணியில் நாற்பது பேர் இதனை ஒருங்கே வீசினால் முதலில் யார் விழுவர் என்று மாணவரைக் கேட்டுப் பார்க்கலாம். ஆட்டத்தில் அது பகைவரை மட்டுமே வெட்டும். மறுபுறம், இத்தரப்பிற்குரிய உருக்கு எஃகு என்னும் தொழில்நுட்பம் வெறும் கற்பனையன்று. தென்னாட்டு உருக்கு பண்டைக்காலத்திலேயே கடல் கடந்து புகழ்பெற்றிருந்தது. சோழரும் சேரரும் பாண்டியரும் ஒருவரோடொருவர் பொருத வரலாற்றை ஒரே பெயரின் கீழ் அடக்கியிருப்பதுதான் பெரிய குறை. சாலையிலிருந்து ஆடும் மாணவனுக்கு இக்குறையைக் காட்டச் சான்று தொலைவில் இல்லை.

சாலையை அடுத்த வலியசாலையில் காந்தளூர்ச் சிவன் கோயில் உள்ளது. முதலாம் ராஜராஜ சோழன் தன் ஆட்சியின் தொடக்கத்திலேயே காந்தளூர்ச் சாலையில் கலமறுத்ததாக அவன் கல்வெட்டுகள் மீண்டும் மீண்டும் கூறுகின்றன. அக்காந்தளூர்ச் சாலை இவ்விடமே என்று அறிஞர் சிலர் கொள்வர்; வேறிடம் கூறுவோரும் உளர். கலமறுத்தல் என்பதற்குச் சேரரின் கப்பல்களை அழித்தல் என்று சிலர் பொருள் கூறுவர். சாலை என்பது கல்வி கற்போர் உண்டு உறையும் இடமாதலால், கலம் என்பது உண்கலம் என்று வேறு சிலர் கூறுவர். ஆட்டத்தில் துறைமுகம் தீப்பற்றினால் வெற்றி தோல்வி உடனே எழுத்தில் தோன்றிவிடும். கல்லில் வெட்டிய ஒரு சொல்லோ ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் வாதத்திற்கு இடம் தருகின்றது. ஒரு வகுப்பு நேரம் முழுவதையும் இவ்வொரு சொல்லுக்குச் செலவிடலாம்.

யந்திரம் ஆடும்போது

1997-ல் டீப் புளூ என்னும் யந்திரம் சதுரங்க வீரர் காஸ்பரோவை வென்றது. நிகழ்நேர வியூக விளையாட்டில் யந்திரம் தேர்ந்த மனிதருக்கு நிகராக ஆட மேலும் இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 2019-ல் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸ்டார், ஸ்டார்கிராஃப்ட் 2 ஆட்டத்தில் மிக உயர்ந்த தரத்தை அடைந்தது. மறைந்திருக்கும் நிலமும், நிமிடத்திற்கு நூற்றுக்கணக்கான சிறு முடிவுகளும் சேர்ந்தே இத்தாமதத்திற்குக் காரணம். யந்திரத்திற்கு விரல் வேகத்தால் மட்டும் வெற்றி கிட்டாதிருக்கும் பொருட்டு, அதன் செயல்களின் எண்ணிக்கைக்கு ஆய்வாளர் வரம்பு விதித்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. புதியவரும் விரல் வேகத்திற்கு அஞ்ச வேண்டியதில்லை. சும்மா நிற்கும் பணியாளைக் காட்டும் விசையையும், நகர மையத்திற்குத் திரும்பும் விசையையும் மட்டும் முதல் வாரத்தில் கை பழகினாற் போதும்.

ஓர் ஆட்டம் அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை நீளும். இடையில் நிறுத்த மனம் வாராது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் கட்டுமீறிய விளையாட்டுப் பழக்கம் ஒரு கோளாறாக 2019-ல் ஏற்கப்பட்டு, 2022 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பிற கடமைகள் அனைத்தையும் பின்தள்ளி, தீங்கு விளைந்தும் விட முடியாமல், பொதுவாக ஓராண்டேனும் நீடிப்பதையே அது கோளாறு என்கின்றது. மாலையில் ஓர் ஆட்டம் ஆடுவதை அன்று. பெற்றோரிடம் பேசும்போது இவ்வேறுபாடு பயன்படும்.

புளியங்கொட்டையில் ஒரு சோதனை

கணிப்பொறி இல்லாத பள்ளியிலும் இதன் உட்கருத்தை நடத்திக் காட்டலாம். மாணவரை இரு குழுவாக்கி, நடுவில் ஒரு துணியைத் திரையாகக் கட்டவும். ஒவ்வொரு குழுவிற்கும் மூன்று கூழாங்கற்கள், இவை பணியாட்கள். ஆசிரியர் இருபது விநாடிக்கு ஒருமுறை மணியடிக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு கூழாங்கல்லுக்கு ஒரு புளியங்கொட்டை வீதம் குழுவிற்கு வழங்கப்படும். மூன்று கொட்டைக்கு ஒரு புதிய பணியாளோ ஒரு படைவீரனோ வாங்கலாம். மணிகளுக்கிடையில் முடிவு செய்யாத குழு அச்சுற்றை இழக்கும்.

முதற்குழு தொடக்கமுதல் படைவீரரை மட்டுமே வாங்கட்டும். ஒவ்வொரு மணிக்கும் ஒருவராகப் பத்து மணியில் பத்து வீரர் சேர்வர். இரண்டாங்குழு ஐந்தாம் மணி வரை பணியாட்களை மட்டுமே வாங்கட்டும். மூன்று கல் நான்காகி, ஐந்தாகி, ஏழாகி, ஒன்பதாகி, ஐந்தாம் மணியில் பன்னிரண்டாகும். கையில் ஒரு கொட்டை மீதம். அதன்பின் மணிக்குப் பன்னிரண்டு கொட்டை வருவதால் பத்தாம் மணிக்குள் இருபது வீரர் நிற்பர். ஆனால் ஐந்தாம் மணியில் முதற்குழுவிடம் ஐந்து வீரர். இரண்டாங்குழுவிடம் ஒருவரும் இல்லை. ஆறாம் மணியில் ஆறுக்கு நான்கு. ஏழாம் மணியில் ஏழுக்கு எட்டு. இவ்வட்டவணையைக் கரும்பலகையில் மாணவரே நிரப்ப வேண்டும்.

போருக்கு ஆறு முகப் பகடை உதவும். இரு தரப்பும் ஒரே சமயத்தில் வீரன் ஒருவனுக்கு ஒருமுறை வீதம் உருட்ட, ஆறு விழுந்தால் எதிரியில் ஒருவன் விழுவான். பத்துக்கு ஆறு என்று பலமுறை நடத்தினால் பெரிய படையில் சராசரியாக ஏழு அல்லது எட்டுப் பேர் எஞ்சுவதைக் காணலாம். கணக்கு சொல்லும் எட்டிற்கு இது சற்றுக் குறைவாயிருப்பது, சண்டை தொடர்ச்சியாக நடவாமல் சுற்றுச் சுற்றாக நடப்பதனால். ஒருவருக்கு ஒருவர் மட்டும் என்று விதித்து மீண்டும் நடத்தினால் எஞ்சுவோர் நால்வரை ஒட்டி இருப்பர்.

திரையைத் தாண்டிச் சென்று எதிர்க்குழுவை எட்டிப் பார்க்க விரும்பும் குழு, அதற்கு விலையாக ஒரு கொட்டை கொடுக்கட்டும். போர் எந்த மணியில் தொடங்கும் என்பதை மட்டும் ஆசிரியர் முன்கூட்டிச் சொல்லலாகாது.